சிங்கப்பூர் காருக்கு டிராக்டர் லைட்டு

என் வீட்டுக்காரர் ஜினபாலன் ஓர் இடத்தில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் திண்டிவனத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். சலூனில் ஒரு பக்கக் கன்னம் மட்டும் மழித்திருந்தபோது, வெளியே நின்ற பஸ்ஸின் செல்ஃப் சத்தம் சரியில்லையென்று நுரை முகத்தோடு எழுந்து போனவர் அவர். எங்கள் கல்யாணத்திலேயே, மாலையும் கழுத்துமாக மணையில் இருந்தவர், மைக் செட்டு இரைகிறதென்று எழுந்துபோய் ஒயரை முறுக்கிவிட்டு வந்தார். அவர் ஊர் மேல்சித்தாமூரே சிரித்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அப்போது எனக்கு என்ன தெரியும்!

மேல்சித்தாமூரில் அவர்களுக்கு நிலம் உண்டு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆள் கூடும் நாளில் இவர் மட்டும் பம்ப் செட்டுக் கொட்டகையில் ஃபியூஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாராம். என் மாமனார் திட்டித் திட்டி ஓய்ந்துபோய், "நீ வெவசாயத்துக்கு லாயக்கில்ல, எங்கியாவது போய்ப் பொழச்சிக்கோ" என்று அனுப்பிவிட்டார். திண்டிவனத்தில், மெட்ராஸ் ரோட்டின் மேலேயே, முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக ஓர் இடம் பிடித்து, வண்டிகளுக்கு ஒயரிங், பேட்டரி, லைட்டு வேலை செய்ய ஆரம்பித்தார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவை நான் சாத்துவதும் அவர் திறப்பதுமாகவே எங்கள் குடித்தனம் நடந்தது.

கெட்ட மனுஷர் இல்லை. பீடி, குடி எதுவும் கிடையாது. கை ஓங்கியதில்லை. கோபம் வந்தால் எனக்குத்தான் வரும். கோபப்பட அவருக்கு நேரம் இருந்ததில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் எங்கள் வழக்கத்தை மட்டும் ஒருநாளும் மீறமாட்டார். நாங்கள் நயினார், அதாவது சமணர்; விளக்கு வைத்த பிறகு எங்கள் ஜனங்கள் வாயில் எதுவும் போடுவதில்லை. வெளிச்சத்துக்கு வந்து விழும் பூச்சிகளைக் கொன்ற பாவம் நமக்கெதற்கு என்று பெரியவர்கள் வைத்தது. ஊர் வண்டிக்கெல்லாம் லைட்டு மாட்டுகிறவர் தன் சோற்றைச் சூரிய வெளிச்சத்தில்தான் பார்ப்பார். சில நாள் வேலை இழுத்துவிடும். கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவதற்குள் இருட்டிவிடும். "ஒரு வேளதான சாந்தி, வுடு" என்று பட்டினியாகப் படுத்துக்கொள்வார். சோற்றை வடித்து வைத்துக் காத்திருந்தவளுக்கு எப்படி இருக்கும்?

குசுமா எங்களுக்கு ஒரே பெண். ப்ளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். அவளைப் பார்க்க வந்த இரண்டு இடமும் கை நனைக்காமல் போயிருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் பெண் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடாமல் எழுந்தால் அதுவும் பதில்தான். வந்தவாசிப் பக்கத்துக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு லாரியின் ஆரன் நிற்காமல் அலற, இவர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். செஞ்சிப் பக்கத்துக்காரர்கள் வந்த அன்று ஆரன் ஒன்றும் அலறவில்லை. டேபிள் ஃபேன்தான் கடகடத்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பா கேட்ட கேள்விக்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரை ஆட்டிப் பதில் சொன்னார். "பொண்ணச் சொல்றதுக்கு ஒன்னுமில்ல. அப்பனுக்குத்தான் மரியாத தெரியல" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள்.

குசுமா அழவில்லை. "கல்யாணந்தான் ஆவல, ஃபேனாவது நல்லா ஓடுதே" என்று சிரித்தாள்.

மூன்றாவதாக அமைந்தது விழுப்புரம். பையன் பத்மராஜ் விழுப்புரம் ஜங்ஷனில் புக்கிங் கிளார்க். அப்பா இல்லை. அம்மா சந்திரவதி. எதையும் முடிவு செய்கிறவர் தாய்மாமன் சாந்திராஜ்; சிங்கப்பூரில் கப்பல் கட்டும் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டுக் காரோடு ஊர் திரும்பியவர். எண்பத்தைந்தாம் வருஷம் தை மாதம். "வெள்ளிக்கெழம மத்தியானத்துக்கு மேல வர்றோம். பொழுதோட சாப்ட்டுட்டுக் கெளம்பறோம்" என்று சொல்லியனுப்பினார்கள். சாப்பாடு என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டதே! எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே இவரைப் பிடித்து நிறுத்தினேன். "இன்னிக்கு எவன் வண்டி எரிஞ்சாலும் நீங்க எழுந்துக்கக் கூடாது."

"பகவான் சத்தியமா எழுந்துக்க மாட்டேன். இன்னா, என்னச் சின்னப் புள்ளன்னு நெனச்சிக்கினியா?"

சின்னப் பிள்ளையாக இருந்தால் கட்டிப்போட்டிருப்பேன். கடையைப் பூட்டச் சொல்லி, சாவியை வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். வடை, பாயசம், புளியோதரை, வாழைக்காய்ப் பொரியல், மல்லாட்டை போட்ட கூட்டு என்று ஒன்று விடாமல் செய்து இறக்கினேன்.

கார் வந்து நின்றபோது முதலில் கேட்டது ஒரு சத்தம். கிர்ர், டக். கிர்ர், டக். எட்டிப் பார்த்தேன். சிவப்பு நிறத்தில் தரையோடு தரையாகத் தட்டையாக ஒரு கார். முன்பக்கம் இரண்டு மூடி திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. உள்ளே லைட்டு இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த கண்ணாடி. சாந்திராஜ் இறங்கி, வணக்கம்கூடச் சொல்லாமல் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் காரில் லைட்டு வெளியே தெரியாதாம். பானட்டுக்குள் படுத்திருக்குமாம். சுவிட்சைத் தட்டினால் மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்குமாம். வரும் வழியில் கூட்டேரிப்பட்டில் டீக்கடை முன்னால் நின்றிருக்கிறார்கள். கும்பல் கூடிவிட்டது. மனுஷர் பெருமையாக லைட்டை எழுப்பிக் காட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து சவுக்குக் கழி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பின்னால் நகர, நீட்டிக்கொண்டிருந்த கழிகள் இரண்டு லைட்டிலும் குத்திவிட்டன.

"கை தட்னவன் ஒருத்தன்கூட அங்க நிக்கலம்மா" என்றார் சாந்திராஜ். அழுதுவிடுவார் போலிருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பத்மராஜ் வாயே திறக்கவில்லை. நல்ல லட்சணமான பையன். குசுமா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் ஒருமுறை பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெளியே கிர்ர், டக். என்ஜினை நிறுத்தியும் அந்த மோட்டார் நிற்கவில்லை. இவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் வரும்போதெல்லாம் கால் கட்டைவிரல் மட்டும் துடித்தது. நெற்றியெல்லாம் வேர்வை. இருந்தும் எழவில்லை. பரவாயில்லையே என்று நினைத்தேன்.

அப்போது சாந்திராஜ் சொன்னார்: "லைட்டு இல்லாம இருட்டுல வண்டி ஓட்ட முடியாதுங்க. பொழுது இருக்கறப்பவே நாங்க வூடு போய்ச் சேரணும். பேச்சு, சாப்பாடு எல்லாம் இன்னொரு நாளைக்கு வச்சிக்கலாம்."

இன்னொரு நாள் என்று சொல்லிப் போனவர்கள் யார் திரும்பி வந்திருக்கிறார்கள்? இவர் என்னைப் பார்த்தார். நானேதான் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன்.

"அரை மணி நேரங்க" என்றார் சாந்திராஜிடம். "லைட்டு எரிய வச்சிட்டா நீங்க நெதானமா சாப்ட்டுட்டுப் போலாம்." சொல்லி முடிப்பதற்குள் ஆள் கடையில் இருந்தார். காரை விட்டுப் பிரிய மனமில்லாமல் சாந்திராஜும் பின்னாலேயே போனார்.

"நீங்க ரெண்டு பேரும் உக்காருங்களேன், எலை போட்டுட்றேன்" என்று சந்திரவதியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"தம்பி வரட்டும்மா. சேந்தே உக்காரலாம்" என்றார் அந்த அம்மாள். நியாயம்தான். தாய்மாமனை விட்டுவிட்டு எப்படிக் கை நனைப்பார்கள்?

எங்கள் வீட்டுக்கு எதிரே ரைஸ் மில். அதன் புகைபோக்கிதான் எனக்குக் கடிகாரம். வெயில் அதன் அடியிலிருந்து மேலே ஏறி, நுனியை விட்டுப் போனால் பொழுது போனதாகக் கணக்கு. அப்போது வெயில் பாதி உயரத்தில் இருந்தது. அடுப்படிக்குப் போனேன். புகைபோக்கியைப் பார்த்தேன். கடைக்குப் போனேன். மறுபடி அடுப்படி. அன்றைக்கு அவருடைய வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது.

கடையில் முதல் காரியமாக ஒரு ஒயரைப் பிடுங்கி அந்தக் கிர்ர் சத்தத்தை நிறுத்தியிருந்தார். அந்தக் காரின் லைட்டு மெட்ராஸிலேயே கிடைக்காதாம். அம்பாசிடர் லைட்டை வைத்துப் பார்த்தார். வாய் பெரிது, உள்ளே நுழையவில்லை. அலமாரியைக் கவிழ்த்து ஒரு ஜோடி டிராக்டர் லைட்டை எடுத்தார். அது சரியாக உட்கார்ந்தது. பக்கத்துக் கடை டிங்கர் அந்தோணிசாமி தகரப் பட்டை வெட்டிக் கொடுக்க, அதை வளைத்து, போல்ட் போட்டு இறுக்கி, ஒயரைக் கொடுத்தார். இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன.

"எரிஞ்சிடுச்சி!" என்று நான் கத்தியேவிட்டேன். "வாங்க, வாங்க, ஜல்தியா கையக் கழுவிக்கினு வாங்க." வெயில் புகைபோக்கியின் முக்கால் உயரத்தில் இருந்தது. போதும். தாராளமாகப் போதும்.

அப்போது சாந்திராஜ் சுவிட்சைத் தட்டினார். லைட்டு கீழே இறங்கியது. மூடி மூடவில்லை. டிராக்டர் லைட்டுக்குப் பின்புறம் வயிறு பெரிது. முழுசாகப் படுக்க இடமில்லாமல் பாதியிலேயே நின்றுவிட்டது.

"இன்னாங்க இது, தவளையாட்டம் முழிச்சிக்கினு நிக்குது" என்றார் சாந்திராஜ். "இந்தக் காருக்கு அழகே அதானங்க."

"பாக்கலாங்க. அஞ்சு நிமிஷம்" என்றார் இவர்.

எனக்குப் பொறி பறந்தது. "எரியுது இல்ல? அது தூங்கலன்னா இன்னா இப்ப? வந்து சாப்புடுங்க!"

"அக்கா, இதுவும் நயினாரு மாதிரிதான்போல. படுன்னா படுக்க மாட்டேங்குது" என்று அந்தோணிசாமி சிரித்தான். அவனை ஒரு முறை முறைத்தேன். அடங்கிவிட்டான்.

இவர்கள் இரண்டு பேருக்கும் என் குரல் கேட்டதாகவே தெரியவில்லை. ஒருவருக்குத் தன் கார் தவளையாகிவிட்ட வருத்தம். இன்னொருவருக்குச் சரியாகாத ஒன்றைக் கையை விட்டு வைக்க முடியாத வியாதி. பட்டையைக் கழற்றினார்கள். அரத்தால் ராவினார்கள். மாட்டினார்கள். எழுப்பினார்கள். படுக்க வைத்தார்கள். அது பாதியில் நின்றது. மறுபடி கழற்றினார்கள். பத்மராஜும் வெளியே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கார் பக்கத்தில் நின்றான். சந்திரவதி நடுக் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் புகைபோக்கியின் கழுத்துக்கு ஏறிவிட்டது.

அந்த நேரத்தில் குசுமா வந்தாள். கூப்பிடாமல் பெண் வெளியே வரக் கூடாது. வந்தாள். கையில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"அப்பா, எழுந்திருப்பா."

"தோ, ஆயிடுச்சும்மா, ஒரே ஒரு ஸ்க்ரூ" என்றார் தலை நிமிராமல்.

அவள் பத்மராஜ் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சாப்புட வாங்க" என்று சொம்பை நீட்டினாள்.

பத்மராஜ் கையைக்கூட நீட்டிவிட்டான். பிறகு மாமனைப் பார்த்தான். மாமன் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார். அம்மாவைப் பார்த்தான். அம்மா கண்ணால் ஒன்றும் சொல்லவில்லை. நீட்டின கையை மடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். குசுமா சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

புகைபோக்கியின் நுனியில் இருந்த வெயிலும் போய்விட்டது.

"பொழுது போயிடுச்சும்மா" என்று சந்திரவதி என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "நாங்க வர்றோம்." சாந்திராஜ் அப்போதுதான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். அவருக்கே சங்கடமாகிவிட்டது. காரில் ஏறிக்கொண்டார். மூடாத லைட்டு இரண்டும் எரிய, கார் விழுப்புரம் ரோட்டில் போயிற்று.

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள், கேட்டால் கேட்கட்டும் என்று திட்டினேன். இவர் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கடைசியில், "மூடிக்கும்னு நெனச்சேன் சாந்தி" என்றார். அதற்கு மேல் திட்ட எனக்குத் தெம்பில்லை. ராத்திரி தங்கிய சோற்றை நாங்கள் மறுநாள் தொடுவதில்லை. வடை, பாயசம் எல்லாவற்றையும் அந்தோணிசாமி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். குசுமா இந்தத் தடவை ஃபேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

விடிவதற்கு முன்னால் எழுந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக் கோலப் பொட்டலத்தைப் பிரித்தேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து இரண்டு லைட்டு வந்துகொண்டிருந்தது. ஏதோ டிராக்டர் என்றுதான் நினைத்தேன். நேராக என் கோலத்தின் முன்னால் வந்து நின்றது. சிவப்புக் கார்.

முதலில் இறங்கியவன் பத்மராஜ். பின்னாலேயே சந்திரவதி, தூக்கக் கலக்கத்தோடு புடவையைச் சரி செய்துகொண்டு.

"ராத்திரி பூரா ஒரே பேஜாரும்மா" என்றார் என்னிடம். "திண்டிவனத்துக்குப் போயிதான் வாயில தண்ணி ஊத்துவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாயே தெறக்காத புள்ள!"

"லைட்டுதான் எரியுதே, போலாம் வாங்கன்னு கெளப்பிக்கினு வந்துட்டேன்" என்றார் சாந்திராஜ். தவளையைப் பற்றி மனுஷர் வாயே திறக்கவில்லை.

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. வீட்டில் பொட்டுச் சோறு கிடையாது. அடுப்பு ஜில்லென்று கிடக்கிறது. டப்பாக்களைத் திறந்து பார்த்தால் கேப்பை மாவும் வறுத்த மல்லாட்டையும்தான் இருக்கிறது. அதற்குள் குசுமா முகம் கழுவிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். மாவைப் பிசைந்தாள். நான் சட்னி அரைத்தேன். சூரியன் நன்றாக மேலே வரும்வரை எல்லாரும் கூடத்தில் காத்திருந்தார்கள்.

பத்மராஜ் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தான். "நேத்து நீங்க கூப்ட்டீங்க" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. "வரதுக்குத் துப்பில்லாம நின்னுட்டேன்."

குசுமா திரும்பிப் பார்க்காமல் அடையைத் தட்டினாள். "இன்னிக்கு வடை, பாயசம்லாம் கெடையாது. கேப்பை அடைதான்."

"அதுக்குத்தான் வந்தேன்" என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சூரியன் ஏறியது. இலை போட்டேன். சாந்திராஜ், சந்திரவதி, பத்மராஜ், கடைசியில் இவர். இவர் உட்கார்ந்த இடம் வாசலுக்கு நேர் எதிரே. முதல் அடையை வைக்கும்போது கவனித்தேன்: கால் கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்திருந்தது. கண் வாசலைத் தாண்டி வெளியே எங்கேயோ போயிருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. ஆரன் இல்லை, மோட்டார் இல்லை. பிறகு ஏன்? எழுந்துவிடுவார், இதோ எழப்போகிறார் என்று நினைத்தேன். பரிமாறுகிற சாக்கில் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். ஒருமுறை முட்டியில் கையை ஊன்றினார். பிறகு அந்தக் கையை எடுத்து இலையில் வைத்து, அடையைப் பிட்டார்.

பத்மராஜ் மூன்று அடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சந்திரவதி கை கழுவிவிட்டு வந்து, "பங்குனியில நாள் பாக்கலாமா?" என்றார். சாந்திராஜ் பேசினார், சிங்கப்பூரைப் பற்றிப் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வெயில் கூடத்துக்குள் வந்துவிட்டது. இவர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம், உட்கார்ந்திருந்தார். குசுமா அடுப்படியிலிருந்து எட்டி எட்டி அப்பாவைப் பார்த்தாள்.

எல்லாரும் காரில் ஏறினார்கள். சாந்திராஜ் சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருகினார். அதுவும் இல்லை. வந்து இறங்கியதிலிருந்து லைட்டை அணைக்கவில்லை. மூடாத லைட்டு என்பதால், எரிகிறதா அணைந்ததா என்று வெயிலில் அவருக்குத் தெரியவில்லை. நேற்றெல்லாம் எழுப்பிப் படுக்க வைத்ததில் பாதி செத்துக் கிடந்த பேட்டரி, இப்போது முழுசாகச் செத்துவிட்டது.

நான் இவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன். "லைட்டு எரிஞ்சிக்கினு இருந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"எலையில உக்காந்தப்பவே பாத்தேன்."

"பாத்துக்கினேவா உக்காந்திருந்தீங்க?"

"நீதான எழுந்துக்கக் கூடாதுன்ன" என்றார்.

எனக்கு நடு ரோட்டில் அழுகை வந்துவிட்டது. அவர் அதற்குள் காருக்குப் பின்னால் போயிருந்தார். "அந்தோணி, வாடா, தள்ளு!" என்று கத்தினார். பத்மராஜ் இறங்கி ஒரு பக்கம் கை வைத்தான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், இன்னொரு பக்கம் கை வைத்துத் தள்ளினேன்.